இளைப்பதும் இளைப்பாறுவதும்

என் அம்மாவை முதன்முதலாக ஒரு டாக்டரிடம் அழைத்துக்கொண்டு போனது 1999இல். அம்மாவுக்கு அப்போது 47 வயது. செம்பரம்பாக்கம் ஏரிப் பாசனத்தில் நடவு, களையெடுப்பு என்று இருந்தவள், இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் ஆலைகள் எழும்பத் தொடங்கியதும் கட்டட வேலைக்குச் சித்தாளாகப் போனாள். வயலைவிடக் கூலி அதிகம், தினமும் வேலையும் உண்டு. தலையில் சும்மாடு, அதன்மேல் கலவைச் சட்டி, அதோடு சாரத்தில் ஏறி இறங்க வேண்டும். அந்த வருடக் கோடையில் நாலு படி ஏறினாலே நின்று மூச்சு வாங்கினாள். வாசலில் வந்து உட்கார்ந்தால் நெஞ்சுப் படபடப்பு அடங்க வெகுநேரம் ஆனது.

"டாக்டரய்யா, கொஞ்சம் ஏறினாலே இளைக்குது" என்றாள்.

அவர் எடை மெஷினைக் காட்டினார். ஏறி நின்றாள். 68 கிலோ. "எங்கம்மா இளைக்குது? இளைக்கலையே, அதுதானே பிரச்சினை! நல்லா நடக்கணும், வேலை செய்யணும். எடை குறைஞ்சா எல்லாம் சரியாயிடும்" என்று சிரித்தார். அம்மாவும் மரியாதைக்குச் சிரித்தாள். பி.ஏ. தமிழ் படித்துக்கொண்டிருந்த நானும், நல்ல சிலேடை என்று நினைத்துச் சிரித்தேன். நாள் முழுக்கச் சாரம் ஏறுகிறவளைப் பார்த்து வேலை செய்யச் சொல்கிறாரே என்று எங்கள் இருவருக்குமே கேட்கத் தோன்றவில்லை.

ஒன்பது மாதம் கழித்து, வேலை செய்யும் இடத்தில் அம்மா மயங்கி விழுந்த பிறகுதான் வேறொரு இடத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் 6.2. கர்ப்பப்பையில் கட்டிகள் இருந்தன. மூன்று வருடமாக மாதத்தில் பத்து நாளுக்கு மேல் உதிரப்போக்கு. ஆண் டாக்டரிடம் அதைச் சொல்ல அம்மாவுக்குக் கூச்சம், அவரும் கேட்கவில்லை. ரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கும் சரக்கு குறைந்தால், இருக்கிற ரத்தத்தையே இதயம் வேகவேகமாகச் சுற்றிவிட வேண்டியிருக்கிறது. ஏறும்போது துடிப்பு தாறுமாறாக எகிறுவதும், உட்கார்ந்த பிறகும் இறங்க மறுப்பதும் அதனால்தான். கட்டிகளை எடுத்தார்கள், ரத்தம் ஏற்றினார்கள். அம்மா பிழைத்துக்கொண்டாள். எடை மட்டும் 68ஆகவே இருந்தது.

அன்று நான் ரசித்த அந்தச் சிலேடைக்குப் பிற்பாடு பல வருடம் வெட்கப்பட்டிருக்கிறேன். தமிழில் 'இளை' என்ற வினைக்கு மெலிதல் என்றும் பொருள், களைத்துப்போதல் என்றும் பொருள். இளைப்பு என்றால் மெலிவு, சோர்வு, மூச்சுத் திணறல் எல்லாமும்தான். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி இவற்றை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கியிருக்கிறது. அதே வேரில் 'ஆறு' சேர்ந்தால் இளைப்பாறுதல். ஈழத்தில் ஓய்வு பெற்ற ஆசிரியரை 'இளைப்பாறிய ஆசிரியர்' என்றே எழுதுவார்கள். உழைத்த உடம்பு மூச்சு வாங்கும், பிறகு அது ஆற வேண்டும் என்பது இந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. டாக்டருக்கு அதில் ஒரு பொருள்தான் கேட்டது. பெண்ணின் வாயிலிருந்து வந்ததால் எடைப் பொருள் மட்டும் கேட்டது.

இந்தக் கட்டுரை அந்தக் கேளாமையின் வரலாறு. எடையையும், உழைத்த பின் இதயம் ஆறும் வேகத்தையும் அளக்கும் அளவுகோல்கள் எங்கே பிறந்தன, யாருடைய உடம்பில் பிறந்தன என்று தேடிப் படித்ததில் எனக்குக் கிடைத்தவற்றைச் சொல்கிறேன்.

*

தேடலுக்குக் காரணம் என் இதயம். எனக்கு இப்போது 46 வயது. சென்ற ஆண்டு மாஸ்டர் செக்கப் என்று போனபோது டிரெட்மில்லில் ஏற்றினார்கள். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் ஏற்றமும் கூடும். அமெரிக்க மருத்துவர் ராபர்ட் புரூஸ் 1963இல் வகுத்த முறை இது. என் துடிப்பு 146 வரை போனது. அதற்கு மேல் கால் ஒத்துழைக்கவில்லை, நிறுத்தச் சொன்னேன். அறிக்கையில் 'இலக்குத் துடிப்பை எட்டவில்லை' என்று எழுதினார்கள். உயரம் 155 செ.மீ., எடை 69 கிலோ. "வெயிட் போட்டிருக்கீங்க மேடம், அதான்" என்றார் அங்கே இருந்த தம்பி. 26 வருடம் கழித்து அதே பதில்.

இலக்கு என்றால் என்ன? 220இலிருந்து வயதைக் கழித்தால் வருவது ஒருவருடைய உச்சத் துடிப்பு. அதில் 85 சதவீதத்தை எட்ட வேண்டும். எனக்கு 174, அதில் 85 சதவீதம் 148. இரண்டு துடிப்பில் தோற்றிருக்கிறேன். ஆனால் 1971இல் அச்சேறிய அந்தச் சூத்திரம் முதன்மையாக ஆண்களின் தரவுகளிலிருந்து வந்தது. 2010இல் மார்த்தா குலாட்டி என்ற இதய மருத்துவரும் அவருடைய குழுவினரும் சிகாகோ பகுதியில் நோய் அறிகுறி இல்லாத 5,437 பெண்களின் பரிசோதனைகளை வைத்துப் பெண்களுக்கான கணக்கைத் தந்தார்கள்: வயதை 0.88ஆல் பெருக்கி, 206இலிருந்து கழிக்க வேண்டும். அதன்படி என் உச்சம் ஏறத்தாழ 165. நான் எட்டிய 146 அதில் 88 சதவீதம். ஒரு கணக்கில் தோல்வி, மற்றொரு கணக்கில் தேர்ச்சி. எடை இரண்டிலும் ஒன்றேதான்.

அதே அறிக்கையில் யாரும் என்னிடம் சொல்லாத இன்னொரு எண் இருந்தது. ஓட்டத்தை நிறுத்திய ஒரு நிமிடத்தில் என் துடிப்பு 146இலிருந்து 126க்கு இறங்கியிருந்தது. 20 துடிப்பு. இந்த இறக்கத்தை ஆங்கில மருத்துவம் இதயத் துடிப்பு மீட்சி என்கிறது. 1999இல், அம்மா மூச்சு வாங்கிக்கொண்டிருந்த அதே வருடம், அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் மருத்துவமனையிலிருந்து ஒரு ஆய்வு வெளிவந்தது. உடற்பயிற்சிச் சோதனைக்கு வந்த 2,428 பேரை ஆறு வருடம் பின்தொடர்ந்தார்கள். முதல் நிமிடத்தில் துடிப்பு 12 அல்லது அதற்கும் குறைவாக இறங்கியவர்களிடையே இறப்பு அதிகமாக இருந்தது. ஏறும் வேகத்தைப் போலவே இறங்கும் வேகமும் சேதி சொல்கிறது என்பது அன்றுமுதல் இதய மருத்துவத்தின் பாடமானது. அந்த 2,428 பேரில் 63 சதவீதம் ஆண்கள்.

இறக்கத்தை நடத்துவது வேகஸ் என்ற நரம்பு. மூளையின் அடிப்பகுதியிலிருந்து இறங்கி இதயத்தைத் தொடுகிறது. மாட்டுக்கு மூக்கணாங்கயிறு மாதிரி. சும்மா இருக்கும்போது இதயத்தைப் பிடித்து வைத்திருக்கும், ஓடும்போது கயிற்றைத் தளர்த்தும், நின்றதும் மறுபடி இழுக்கும். நரம்பு இதயத்தோடு எப்படிப் பேசுகிறது என்பதை ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் ஓட்டோ லோவி 1921இல் இரண்டு தவளை இதயங்களை வைத்துக் கண்டுபிடித்தார். ஒன்றின் வேகஸ் நரம்பைத் தூண்டி, அது ஊறியிருந்த நீரை எடுத்து இன்னொன்றின்மேல் விட்டார். அந்த இதயமும் மெதுவானது. நரம்பு ஒரு ரசாயனத்தைச் சுரக்கிறது என்று தெரிந்தது. 1936இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

எடைக்கும் இந்த மீட்சிக்கும் தொடர்பே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். இருக்கிறது. உடலில் கொழுப்பு, குறிப்பாக வயிற்றுக் கொழுப்பு, கூடக்கூட வேகஸின் பிடி தளர்கிறது, துடிப்பு மெதுவாக இறங்குகிறது. எடை குறைந்தால் மீட்சி மேம்படுவதையும் பார்த்திருக்கிறார்கள். ஆனால் தொடர்ந்து நடந்தும் பயிற்சி செய்தும் வருகிறவர்களுக்கு, எடை பெரிதாகக் குறையாவிட்டாலும் மீட்சி மேம்படுகிறது. ரத்தசோகை, தூக்கமின்மை, வெக்கை, நீர் வற்றுதல், காய்ச்சல், தைராய்டு, மன அழுத்தம் இவையெல்லாம் அதே துடிப்பைத் தொடுகின்றன. இத்தனையில் எடை ஒன்றுதான் கண்ணுக்குத் தெரிகிறது. அதனால் பழி அதன்மேல் போய் விழுகிறது.

*

எடையை அளக்கும் கோலுக்கு வருவோம். பெல்ஜியத்தைச் சேர்ந்த அடால்ஃப் குவெட்லே ஒரு வானியலாளர், புள்ளியியலாளர். மருத்துவர் அல்ல. 'சராசரி மனிதன்' என்ற ஒருவனை எண்களால் கட்டி எழுப்ப விரும்பினார். வளர்ந்தவர்களின் எடை உயரத்தின் வர்க்கத்தை ஒட்டிக் கூடுகிறது என்று 1830களில் எழுதினார். ஒரு தனி ஆள் நோயாளியா என்று பார்க்க அவர் அதைச் செய்யவில்லை. 1972இல் ஆன்செல் கீஸும் சகாக்களும் ஐந்து நாடுகளில் 7,400க்கும் மேற்பட்டவர்களிடம் சோதித்துவிட்டு அதற்கு உடல் நிறைச் சுட்டெண், பி.எம்.ஐ., என்று பெயரிட்டார்கள். அந்த 7,400 பேரும் ஆண்கள்.

கோல் நம் ஊருக்கு வந்தபோது இன்னொரு சிக்கல். 2004இல் புனேயின் மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக்கும் லண்டனின் ஜான் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நின்று எடுத்துக்கொண்ட படம் 'லான்செட்' இதழில் வந்தது. இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. யுட்கினின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாக்னிக்கின் உடம்பில் 21.2 சதவீதம். அதே ஆண்டு உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு, ஆசியர்களுக்கு 23இலிருந்தே கவனம் வேண்டும் என்றது. ஆக, ஒல்லியாக இருப்பதாலேயே ஒருத்தி தப்பித்துவிடவும் இல்லை, பருமனாக இருப்பதாலேயே மாட்டிக்கொள்ளவும் இல்லை.

தமிழ்நாட்டின் இரண்டு எண்களை அருகருகே வைத்துப் பாருங்கள். ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு (2019–21) சொல்வது: 15 முதல் 49 வயதுவரையான பெண்களில் 40.4 சதவீதத்தினரின் பி.எம்.ஐ. 25 அல்லது அதற்கு மேல். அதே பெண்களில் 53.4 சதவீதத்தினருக்கு ரத்தசோகை. கூட்டிப் பார்த்தாலே நூறுக்கு வெறும் ஆறு பேர்தான் பாக்கி. அப்படியானால் எத்தனையோ பெண்களிடம் இரண்டும் சேர்ந்தே இருந்தாக வேண்டும் அல்லது ஏறத்தாழ எல்லாருமே ஏதோ ஒன்றில் இருந்தாக வேண்டும். என் அம்மா இரண்டும் சேர்ந்தவள். எடை மெஷினில் ஏறினால் முதலாவது தெரியும். இரண்டாவது தெரிய யாராவது மாதவிலக்கைப் பற்றிக் கேட்க வேண்டும்.

*

மீட்சியை அளக்கும் கோலின் கதை இன்னும் விசேஷமானது. அது மருத்துவமனையில் பிறக்கவில்லை. போருக்கும் ஆலைக்கும் நடுவில் பிறந்தது.

1927இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில், வணிகப் பள்ளிக் கட்டடத்தின் அடித்தளத்தில் ஒரு ஆய்வுக்கூடம் தொடங்கினார்கள். பெயரே 'களைப்பு ஆய்வுக்கூடம்'. வணிகப் பள்ளிக்குக் களைப்பின்மேல் என்ன அக்கறை? களைத்த தொழிலாளி குறைவாக உற்பத்தி செய்வான், அதுதான். இரண்டாம் உலகப் போர் வந்ததும் கேள்வி மாறியது. எந்த இளைஞன் போருக்குத் தாங்குவான்? 1943இல் லூசியன் புரூவா என்ற பெல்ஜிய உடலியங்கியலாளரும் சகாக்களும் ஒரு எளிய சோதனையை வெளியிட்டார்கள். 20 அங்குல உயர மேடை, நிமிடத்துக்கு 30 முறை ஏறி இறங்குதல், ஐந்து நிமிடம். பிறகு உட்கார வைத்து மூன்று தடவை நாடி எண்ணுவார்கள். எவ்வளவு வேகமாகத் துடிப்பு இறங்குகிறதோ அவ்வளவு மதிப்பெண். அந்தக் கட்டுரையின் தலைப்பிலேயே 'இளம் ஆண்கள்' என்று இருக்கிறது.

ஐந்து நிமிடத்தில் 150 ஏற்றம். கூட்டினால் 76 மீட்டர் உயரம் தன் எடையைத் தானே தூக்கிக்கொண்டு ஏறுவதற்குச் சமம். கனமான உடம்புக்கு இது கூடுதல் வேலை. குட்டையான உடம்புக்கு ஒவ்வொரு படியும் கூடுதல் உயரம். கல்லூரிப் பெண்களிடம் சோதிக்க வேண்டி வந்தபோது மேடையை 18 அங்குலமாக வெட்டினார்கள். ஆணுக்குச் செய்த மேடையில் இரண்டு அங்குலம் குறைத்தால் பெண்ணுக்குச் சரியாகிவிடும் என்பது அந்தக் காலத்து நம்பிக்கை. அம்மா ஏறிய சாரத்துக்கு அந்த இரண்டு அங்குலத்தைக்கூட யாரும் குறைக்கவில்லை. தலையில் சட்டி வேறு.

ஹார்வர்டில் ஆய்வுக்கூடம் தொடங்கிய அதே 1927இல், சிகாகோவுக்கு அருகே ஹாதோர்ன் என்ற இடத்தில் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் ஆலையில் இன்னொரு சோதனை தொடங்கியது. அது தொலைபேசிக் கருவிகள் செய்யும் ஆலை. தொலைபேசி ரிலே என்ற சிறு பாகத்தைக் கோக்கும் ஐந்து பெண்களையும், அவர்களுக்குப் பாகங்கள் எடுத்துத் தரும் ஒரு பெண்ணையும் தனி அறையில் வைத்தார்கள். காலையில் ஐந்து நிமிடம், மதியம் ஐந்து நிமிடம் இடைவேளை விட்டுப் பார்த்தார்கள். பிறகு பத்துப் பத்து நிமிடம். பிறகு சிற்றுண்டியோடு. அவ்வப்போது மருத்துவப் பரிசோதனையும் உண்டு. உற்பத்தி கூடிக்கொண்டே போனது. அளவுக்கு மீறிப் பேசுகிறார்கள் என்று 1928இல் இரண்டு பெண்களை மாற்றினார்கள். மேலாண்மைப் பாடம் படிக்கும் மாணவிகளுக்கு ஹாதோர்ன் என்ற பெயர் தெரிந்திருக்கும். கவனித்தால் தொழிலாளி நன்றாக வேலை செய்வாள் என்ற பாடமாக அதைப் படித்திருப்பார்கள். நான் அதை வேறுவிதமாகப் படிக்கிறேன். தொலைபேசி கோக்கும் பெண்ணின் ஐந்து நிமிட இளைப்பாறல், அவளுடைய உரிமையாக அல்லாமல் ஆலையின் சோதனைப் பொருளாக வரலாற்றில் நுழைந்த இடம் அது.

இந்தக் கதையில் ஒரு திருப்பம் இருக்கிறது. படியேற்றச் சோதனையைச் செய்த அதே புரூவா, போருக்குப் பின் ஆலைகளுக்குள் போனார். அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவன ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தார். 1960இல் 'தொழிற்சாலையில் உடலியங்கியல்' என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். அதில் அவர் அதே நாடியைத்தான் எண்ணுகிறார், ஆனால் கேள்வியைத் திருப்பிப் போடுகிறார். வேலையை நிறுத்திய தொழிலாளியை உட்கார வைக்க வேண்டும். முதல் நிமிடத்தின் பின்பாதியில் எண்ண வேண்டும், இரண்டாம் நிமிடத்தின் பின்பாதியில், மூன்றாம் நிமிடத்தின் பின்பாதியில். முதல் எண் 110ஐத் தாண்டாமலும், முதலாவதற்கும் மூன்றாவதற்கும் இடையே குறைந்தது பத்துத் துடிப்பு இறங்கியும் இருந்தால் அந்த வேலை தாங்கக்கூடியது. இல்லையென்றால் வேலையிலோ வெக்கையிலோ இடைவேளையிலோ கோளாறு. திருத்த வேண்டியது அதை.

1943இல் துடிப்பு இறங்காவிட்டால் உடம்பு லாயக்கில்லை. 1960இல் துடிப்பு இறங்காவிட்டால் வேலை லாயக்கில்லை. எண்ணியவர் ஒருவர்தான், எண்ணிய நாடியும் ஒன்றுதான். இந்த இரண்டாவது பாதி ஏன் நம் பெண்களிடம் வந்து சேரவில்லை என்பதுதான் என் கேள்வி.

*

செம்பரம்பாக்கத்தில் விடிகாலை நாலரைக்கே கம்பெனிப் பேருந்துகளின் சத்தம் கேட்கும். பூந்தமல்லியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம் போகிறவை. உள்ளே பெரும்பாலும் பெண்கள், தலை சாய்ந்து தூங்கிக்கொண்டு. ஏரிக்கரை ஓரம் நான் நடக்கப் போகும் நேரம் அது. 2006இல் நோக்கியா ஆலை வந்த காலத்திலிருந்து செல்பேசி கோக்கும் வேலை இந்தப் பக்கத்துப் பெண்களுடையதாக இருக்கிறது. நோக்கியா 2014இல் மூடியது, வேறு ஆலைகள் வந்தன. ஹாதோர்னில் தொலைபேசி கோத்த பெண்களுக்கு இவர்கள் பேத்தி முறை.

சட்டம் என்ன சொன்னது? 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 44ஆம் பிரிவு, நின்று வேலை செய்ய வேண்டியவர்களுக்கு, வேலைக்கு நடுவே கிடைக்கும் ஓய்வைப் பயன்படுத்திக்கொள்ள உட்காரும் வசதி செய்துதர வேண்டும் என்றது. 55ஆம் பிரிவு, ஐந்து மணி நேரத்துக்கு மேல் இடைவிடாமல் வேலை வாங்கக் கூடாது, அரை மணியாவது ஓய்வு தர வேண்டும் என்றது. கடைகளில் வேலை செய்யும் பெண்களுக்கு அதுகூட இல்லாதிருந்தது. கோழிக்கோட்டில் துணிக்கடைப் பெண்கள் போராடி 2018இல் கேரளத்தில் உட்காரும் உரிமையைச் சட்டமாக்கினார்கள். தமிழ்நாடு 2021இல் பின்தொடர்ந்தது. உட்காருவதற்குச் சட்டம் தேவைப்படுகிறது என்றால் இளைப்பாறுதல் எவ்வளவு அரசியலானது என்று பாருங்கள்.

2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாட்டால் நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் நோயுற்று மருத்துவமனைக்குப் போனபோது, ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் இதே சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் வந்து உட்கார்ந்தார்கள். 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் எதிர்த்தன, மே முதல் நாளில் அது திரும்பப் பெறப்படும் என்று முதல்வர் அறிவித்தார். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் குடியிருப்பு திறக்கப்பட்டது. சாப்பாடு, நேரம், படுக்கை. மூன்றும் இதயத் துடிப்பைப் பற்றிய செய்திகள்தான், அப்படி யாரும் எழுதுவதில்லை.

வெக்கையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நமக்குப் பக்கத்தில் போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தில் வித்யா வேணுகோபால் குழுவினர், தமிழகத்தில் வெக்கையில் வேலை செய்யும் பெண்களைப் பல வருடமாக ஆய்ந்துவருகிறார்கள். 800 கர்ப்பிணிகளிடம் செய்த ஆய்வில், வேலையிடத்தில் வெக்கைக்கு ஆளானவர்களுக்குக் கருச்சிதைவு ஆபத்து ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று கண்டார்கள். உடம்பின் சூட்டை வெளியேற்ற இதயம் தோலுக்கும் ரத்தம் அனுப்ப வேண்டும். வெக்கையில் துடிப்பு இறங்கத் தாமதமாவது அதனால்.

வீட்டுக்கு வந்தால்? 2024இன் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, கூலியில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் செலவிடுவது சராசரியாக 289 நிமிடம். ஈடுபடும் ஆண்கள் 88 நிமிடம். "உடற்பயிற்சி செய்யுங்கள்" என்று சொல்கிற டாக்டர், அந்த 201 நிமிட வித்தியாசத்திலிருந்து அரை மணி எடுத்துத் தருவாரா?

*

என் பழைய மாணவி ஒருத்தி செல்பேசி ஆலை ஒன்றில் வேலை செய்கிறாள். பி.ஏ. முடித்தவள், 24 வயது. ஆலையின் வருடாந்தரப் பரிசோதனையில் எடை 58 கிலோ, 'குறைக்கவும்' என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். "ஷிஃப்ட் முடிஞ்சா படியேற முடியல மேம். ஹார்ட் அடிச்சுக்கிட்டே இருக்கு. வெயிட்தான் காரணமா?" என்று கேட்டாள். முதலில் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினேன். ஹீமோகுளோபின் 10.4. இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். பிறகு புரூவாவின் முறையைச் சொல்லிக் கொடுத்தேன். ஆலையில் டீ இடைவேளையில் உட்கார்ந்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எண்ணிப் பார் என்றேன்.

ஒரு வாரம் கழித்து வந்தாள். "எண்ண முடியல மேம். பத்து நிமிஷம் பிரேக். செக்கிங்ல நிக்கணும், பாத்ரூம்ல கியூ. மூணு நிமிஷம் சேர்ந்தாப்பல உக்காரவே முடியல."

இத்தனை வருடப் படிப்பில் நான் கண்ட மிகத் தெளிவான ஆய்வு முடிவு அதுதான். இளைப்பாறுதலை அளக்கக்கூட அவளுக்கு மூன்று நிமிடம் இல்லை.

வேறு வழி யோசித்தோம். அவள் விடுதி மூன்றாவது மாடி. தினமும் கீழிருந்து ஒரு தண்ணீர்க் குடத்தோடு ஏறுவாள். ஷிஃப்ட் முடிந்த ஒரு நாளும், விடுமுறை நாளான ஞாயிற்றுக்கிழமையும், அதே குடத்தோடு அதே மூன்று மாடி ஏறி, கட்டிலில் உட்கார்ந்து எண்ணினாள். ஷிஃப்ட் நாளில் 124, 118, 116. ஞாயிற்றுக்கிழமை 108, 96, 88. ஒரு நாள் எட்டுத் துடிப்பு இறங்கியது, இன்னொரு நாள் இருபது. ஒரு பெண், இரண்டு நாள். இது ஆய்வு ஆகாது என்று எனக்குத் தெரியும். ஆனால் அவள் அந்தத் தாளை நீட்டிச் சொன்னதை மறக்க முடியவில்லை: "ரெண்டு நாளும் என் வெயிட் 58தானே மேம்?"

நீங்களும் எண்ணிப் பார்க்கலாம். பெருவிரல் வேண்டாம், அதற்கே துடிப்பு உண்டு. ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மணிக்கட்டில், பெருவிரலுக்குக் கீழே வையுங்கள். வேலையையோ ஏற்றத்தையோ நிறுத்தியதும் உட்காருங்கள். ஒவ்வொரு நிமிடத்திலும் முதல் 30 விநாடியை விட்டு, அடுத்த 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். மூன்று நிமிடத்துக்கு மூன்று எண். ரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ துடிப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. நெஞ்சு வலி, மயக்கம், சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்குதல் இருந்தால் எண்ணிக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் போங்கள். போகும்போது எடையை மட்டும் அல்ல, மாதவிலக்கு, தூக்கம், ஷிஃப்ட், எத்தனை மணி நேரம் நின்றீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். எண்களைத் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஒருத்தியின் நோட்டு அவளுடைய உடம்பைப் பற்றியது. ஒரே வரிசையில் நிற்கும் முப்பது பெண்களின் நோட்டு அந்த வேலையைப் பற்றியது. சங்கத்திடமும் ஆலை ஆய்வாளரிடமும் எடுத்துப் போகக்கூடியது.

நான் நடப்பதை விடவில்லை. எடை 69இலிருந்து 67 ஆகியிருக்கிறது. முதல் நிமிட இறக்கம் 20இலிருந்து 26 ஆகியிருக்கிறது. இரண்டாவது எண்ணைத்தான் நான் சொல்லிக்கொள்கிறேன்.

அம்மாவுக்கு இப்போது 73 வயது. இந்தக் கட்டுரையை அவளுக்குப் படித்துக் காட்டினேன். டாக்டர் சிரித்த இடம் வந்தபோது நிறுத்தச் சொன்னாள்.

"அந்தாளு என்னா கேட்டிருக்கணும் தெரியுமா?" என்றாள். "எத்தினி தபா ஏறினம்மான்னு கேட்டிருக்கணும். ஒரு நாளைக்கு எண்பது தபா. நான் எண்ணுவேன். மேஸ்திரி தப்பா சொல்வான்னு நானே எண்ணிக்குவேன்."

எண்பது என்ற அந்த எண்ணை 26 வருடத்தில் நானும் கேட்டதில்லை.